உலக ஒழுங்கு இப்போதுதான் குலைகிறதா, இல்லை எப்போதுமே இப்படித்தானா?

நான் அரசியல் படித்தவன் இல்லை. சென்னை தம்பு செட்டித் தெருவில் பதினெட்டு வருடமாகக் கப்பல் சரக்கு கிளியரிங் வேலை. உலகத்தில் எங்கே அடிதடி நடந்தாலும் என் மேஜைக்கு அது ஒரு பில்லாக வந்து சேரும். என் பதிலும் அங்கிருந்துதான்.

2024 ஜனவரியில் ஆம்பூர் ஷூ கண்டெய்னர் ஒன்றை ராட்டர்டாமுக்கு ஏற்றினோம். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்த பிறகு, பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் செங்கடலை விட்டு விலகியிருந்த நேரம். எங்கள் கப்பலும் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போனது. கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு நாள், பில்லில் புதிதாக ஒரு சர்சார்ஜ். சரக்குக்காரர் தினமும் காலையில் போன் செய்வார். "தம்பி, கப்பல் இப்ப எங்க?" கேப் டவுன் தாண்டிவிட்டது பாய் என்பேன். ஒருநாள் கேட்டார்: "ஏன் தம்பி, ஏமன்காரனுக்கும் நம்ம ஷூவுக்கும் என்ன பகை?"

ஆனால் சண்டையை வைத்து மட்டும் அளந்தால் உலகம் என்றைக்குமே ஒழுங்காக இருந்ததில்லை. செங்கடலிலிருந்து ஐரோப்பா போகும் வழியான சூயஸ் கால்வாய், அரபு-இஸ்ரேல் சண்டையால் 1967 முதல் 1975 வரை எட்டு வருடம் மூடியே கிடந்தது. அதற்கும் முன்னால், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் இந்த ஊர் மேலேயே குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. ஹைகோர்ட் மதிலில் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. டீ குடிக்கப் போகும்போது பார்ப்பேன். 'அவன் சரியான எம்டன்டா' என்று நாம் சொல்வது அந்தக் கப்பலால்தான்.

என் கணக்கில் மாறியிருப்பது வேறு. முறையிட இடமில்லை. நாடுகளின் வர்த்தக வழக்குகளைத் தீர்க்கும் உலக வர்த்தக அமைப்பில் மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று உண்டு. ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேராவது தேவை. புதியவர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்கவில்லை. 2019 டிசம்பரோடு ஆள் பற்றாமல் குழு படுத்துவிட்டது. இப்போது வழக்கில் தோற்றவர் அங்கே அப்பீல் செய்துவிட்டால் போதும், கேட்க ஆளில்லாததால் தீர்ப்பு அப்படியே தொங்கும். நாமும் ஒன்றும் யோக்கியமில்லை. சர்க்கரை மானிய வழக்கில் ஆஸ்திரேலியா, பிரேசில், குவாத்தமாலா நம்மை ஜெயித்தபோது, இந்தியாவும் அதே வேலையைத்தான் செய்தது.

கோர்ட்டு படுத்தால் அப்புறம் கட்டப்பஞ்சாயத்துதானே? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கு பலவற்றின் மேல் 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. ஆம்பூர்க்காரர் எண்ணெயா வாங்கினார்?

முன்பெல்லாம் கப்பல் வாடகைக் கொட்டேஷனில் 'முப்பது நாள் செல்லும்' என்று எழுதுவோம். இப்போது ஏழு நாள் என்று போடுகிறேன். போன வாரம் பாய் அதைப் பார்த்துவிட்டு, "ஏழு நாளா? தாராளம்தான்" என்றார்.