வெள்ளையா, எவர்சில்வரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறோம். வெள்ளி நிறத்தில் ஒன்றைக் காட்டி, "இது ஸ்டீல், துருவே பிடிக்காது" என்கிறார் கடைக்காரர். பழைய வெள்ளை ஃப்ரிட்ஜ் அடிப்பக்கம் துருவேறி உதிர்ந்துவிட்டது. வீடு கடற்கரைக்குப் பக்கம், போர் தண்ணீரும் உப்பு. எதை வாங்குவது?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கடைக்காரர் காட்டியது எவர்சில்வர்தானா என்று முதலில் பாருங்கள். வெள்ளி நிறக் கதவுகளில் பல, சாதாரண இரும்புத் தகட்டின் மேல் சாம்பல் பூச்சோ மெல்லிய படலமோ ஏற்றியவை. 'ஸ்டீல் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அதுதான். அப்படியானால் வெள்ளைக்கும் அதற்கும் நிறம் ஒன்றுதான் வித்தியாசம். கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நிஜமான எவர்சில்வர் கதவாக இருந்தாலும், சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வருகிற 304 ரகமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். 304-இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். கதவுகளுக்கு அதிகம் வருவது 430. அதில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம் இருக்கும். நிக்கல் கிடையாது என்றே சொல்லலாம். எவர்சில்வரைக் காப்பாற்றுவது மேலே தானாக உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத்தான் துளைக்கும். கடலோர வீடுகளில் 430 கதவில் டீ சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் வருவது இதனால்தான். தகடு ஓட்டையாகாது, ஆனால் கண்ணை உறுத்தும்.

காந்தம் வைத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். 430-இல் ஒட்டும், 304-இல் ஒட்டாது, சரி. ஆனால் மலிவான 202-லும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த ரகம் அது. உப்புக்கு 304 அளவு தாங்காது.

உங்கள் வீட்டுக்கு வெள்ளையே போதும். பழைய ஃப்ரிட்ஜ் கெட்டது வெள்ளையாக இருந்ததால் அல்ல. தரையைக் கழுவும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் அடி விளிம்பில் தேங்கி, கீறல் வழியே பூச்சுக்குள் ஏறியிருக்கும். எவர்சில்வர் கதவுள்ள ஃப்ரிட்ஜிலும் பக்கவாட்டும் அடித்தகடும் பூச்சுப் போட்ட இரும்புதான். இதே தரையில் வைத்தால் அதுவும் அங்கிருந்துதான் போகும்.

ஆகவே கவனம் அடியில் இருக்கட்டும். இரும்பு ஸ்டாண்ட் வேண்டாம். தரையிலிருந்து நான்கு விரல் உயரமாவது தூக்கும் பிளாஸ்டிக் ஸ்டாண்ட் வாங்குங்கள். அந்த மூலையில் தண்ணீரை வீசிக் கழுவாமல் பிழிந்த துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை, போர் தண்ணீரைத் தொடாமல், குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரில் துணி நனைத்துக் கதவையும் கீழ் விளிம்பையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிப்புறம் வியர்க்கும். அப்போது தினமும் ஒரு துடைப்பு. கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை 'புதுசாவே இருக்கட்டும்' என்று விட்டுவைக்காதீர்கள். உப்பும் ஈரமும் அதன் அடியில்தான் குடியேறும். பசையும் இறுகிப் பிறகு பெயர்க்க வராது.

வெள்ளைப் பூச்சு பெயர்ந்தால் அந்த வாரமே சரிசெய்யுங்கள். விட்டால் துரு பூச்சுக்கு அடியிலேயே பரவி, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 400 எண் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துடைத்து உலர்ந்ததும் உலோகத்துக்கான பிரைமர் ஒரு கை, அது காய்ந்தபின் வெள்ளை எனாமல் மெல்லியதாக இரண்டு கை. ஒரே கையாகத் தடித்துப் பூசினால் வழிந்து, பிறகு உரியும். எவர்சில்வர் கதவில் இந்த வசதி இல்லை. ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான்.

ஏற்கெனவே எவர்சில்வர் கதவு வைத்திருப்பவர்களுக்கு: பழுப்புப் புள்ளிக்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மென்மையான துணியால் கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவித் துடையுங்கள். கம்பி நார் ஆகாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் கதவில் பதிந்து அதுவே துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடரும் ஆகாது. கழிவறை ஆசிட் பாட்டிலைச் சிங்க்குக்கு அடியில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். மூடி சற்றுத் தளர்ந்தாலும் அந்தப் புகையே பக்கத்து எவர்சில்வரை மங்கடித்துவிடும்.

கேள்வி: வெள்ளை மிக்ஸி மஞ்சளும் பழுப்புமாகிவிட்டது. எவர்சில்வர் உடம்புள்ள மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கினால் இந்தத் தொல்லை இராதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கறை எது என்பதைப் பொறுத்தது. மஞ்சள் தூள் கறை பிளாஸ்டிக்கில் இறங்கிவிடும். சோப்பு போட்டதும் சிவந்தால் பயப்படாதீர்கள், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாகக் கழுவி, மூடியை மட்டும் ஓரிரு நாள் வெயிலில் வையுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும். மோட்டார் உள்ள உடம்பை வெயிலில் வைக்கக்கூடாது. வெயிலும் சூடும் வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கும், அது கறை அல்ல, திரும்பாது. அடுப்பை ஒட்டி வைத்த மிக்ஸிகள் அடுப்புப் பக்கம் மட்டும் பழுத்திருப்பதைப் பார்க்கலாம்.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொன்று, வாழைக்கறை. வாழைப்பூவும் தண்டும் நறுக்கிய கையோடு சுவிட்சைத் திருகினால் கறுப்பு விழும். காய்வதற்குள் நல்லெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால்தான் வரும். மறுநாள் என்றால் விட்டுவிடுங்கள்.

எவர்சில்வர் உடம்பில் இவை எதுவும் ஏறாது. ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. ஈரக்கையால் உலோக உடம்பைத் தொடும்போது சுர்ரென்றால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த்தைச் சரிபார்த்து, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். அது முடியாத வீட்டில் பிளாஸ்டிக் உடம்பே நல்லது. எவர்சில்வருக்குக் கொடுக்கும் காசை ஜார்களில் போடுங்கள். புளியும் உப்பும் தினம் படுவது அங்கேதான், 304 என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கேஸ் அடுப்பு எவர்சில்வரா, வெள்ளை எனாமலா?
– வாசகி, திருவாரூர்

பதில்: இதில் எவர்சில்வர்தான். எனாமல் என்பது இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு. குக்கர் இடித்துச் சில்லு பெயர்ந்தால் அங்கே துரு. எவர்சில்வரிலும் பர்னர் துளையின் ஓரமும் கால் திருகும் இடமும்தான் முதலில் கெடும். பொங்கி வழிந்த கஞ்சியும் சாம்பாரும் அங்கே காய்ந்து உப்பை நிறுத்திவைக்கும். அடுப்பு ஆறியதும், இரவுக்குள், தட்டை எடுத்துத் துடைத்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை, பித்தளை பர்னர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளை ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் குறைவாகச் செலவாகுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் நிறத்தால் மின்சாரம் மிச்சமாகாது. கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், ஒரே கொள்ளளவில் அதை ஒப்பிடுங்கள். இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள் ஓடுகிறது. சுவரோடு ஒட்டி வைக்காமல் இரு பக்கமும் ஒரு கை நுழையும் இடம் விடுங்கள்.