கில்லிகிராங்கி குத்துக்கல்

வணக்கம். மகனைப் பார்க்க ஸ்காட்லாந்து போயிருந்தபோது கில்லிகிராங்கி என்ற ஊருக்குக் கூட்டிப் போனான். அங்கே வயல் நடுவில் ஒரு குத்துக்கல் நிற்கிறது. 1689 போரில் குண்டடிபட்ட டண்டி பிரபு இதில் சாய்ந்தபடிதான் உயிரை விட்டார், கல்லுக்கும் அவர் பெயர்தான் என்று உடன் வந்த ஒருவர் சொன்னார். மகனோ, "அது வரலாற்றுக்கு முந்தைய கல்லும்மா, இதெல்லாம் கட்டுக்கதை" என்கிறான். கட்டுக்கதை என்றால் ஏன் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கல்லின் வயதைப் பற்றி உங்கள் மகன் சொல்வது சரி. ஸ்காட்லாந்தில் இப்படித் தனித்து நிற்கும் கற்கள் பெரும்பாலும் புதிய கற்காலத்திலோ வெண்கலக் காலத்திலோ நட்டவை. டண்டிக்காக அதை யாரும் நடவில்லை. ஆனால் அவர் அங்கே சாகவில்லை என்று சொல்ல அது மட்டும் போதாது. சண்டை நடந்த அன்றும் கல் அங்கேதானே நின்றது?

அரியணையை இழந்த ஜேம்ஸ் மன்னருக்காகப் படை திரட்டியவர் டண்டி. எதிரே வில்லியம் மன்னரின் தளபதி ஹியூ மெக்கே. ஜூலை 27. மேட்டில் நின்ற டண்டியின் ஹைலாண்டர்களுக்கு (ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்கள்) வெயில் முகத்தில் அடித்தது. பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டுச் சரிவில் ஓடி இறங்கினார்கள். கிட்டே வந்ததும் ஒரு தடவை சுட்டார்கள், துப்பாக்கியைப் போட்டுவிட்டு வாளை உருவினார்கள். மெக்கேயின் ஆட்களிடம் இருந்த பயனெட்டோ (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி), பாட்டிலுக்குத் தக்கை மாதிரி, துப்பாக்கிக் குழலின் வாய்க்குள்ளேயே செருக வேண்டியது. செருகிவிட்டால் சுட முடியாது. சுட்டுவிட்டுச் செருகலாம் என்று பார்த்தால் அதற்குள் வாள் வந்துவிடுகிறது. சில நிமிடங்களில் அணி உடைந்தது. (இந்தத் தோல்விக்கு அப்புறம், குழலை அடைக்காமல் வெளியே வளையத்தில் மாட்டும் பயனெட்டை மெக்கே கொண்டுவந்தார்.)

டண்டிக்கு வெற்றிதான், ஆனால் ஆள் இல்லை. அவர் எப்படி விழுந்தார் என்பதற்குக் கதைகள் பல. கல்லில் சாய்ந்தார் என்பது ஒன்று. குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது பக்கத்து அர்ரட் வீட்டு ஜன்னலிலிருந்து சுட்டார்கள் என்பது இன்னொன்று. மன்னரின் திருச்சபை ஏற்பாட்டை ஏற்காததால் அவர் வேட்டையாடிய கவனன்டர்கள் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் சொன்ன கதை வேறு: சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவனை ஈயக் குண்டு என்ன செய்யும், வெள்ளிப் பொத்தானைப் போட்டுத்தான் சுட்டார்களாம்! நேசித்தவர்கள் சாய்ந்துகொள்ள ஒரு கல்லைக் கொடுத்தார்கள், வெறுத்தவர்கள் வெள்ளிப் பொத்தானைக் கொடுத்தார்கள்.

என் கணிப்பு இதுதான். மங்கிய வெளிச்சம், புகை, ஓட்டம். அவர் விழுந்த இடத்தை யாரும் துல்லியமாகக் குறித்துவைத்திருக்க வாய்ப்பில்லை. நாலு வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 21 அன்று டன்கெல்ட் என்ற ஊரில் டண்டியின் படை தோற்றது. "டண்டி மட்டும் இருந்திருந்தால்" என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக ஓடியது. அப்படிப் பேசுகிறவர்களுக்குக் கைநீட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டாமா? வெறும் வயலில் காட்ட அந்தக் கல்லை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை அழிக்க வேண்டியதில்லை. கல்லை நட்ட ஆதிமக்கள் யார் என்பதையும் பக்கத்தில் சேர்த்துச் சொன்னால் போதும்.

இதைவிடத் துணிச்சலான வேலையெல்லாம் நடந்திருக்கிறது. அருகே பிளேர் கோட்டையில் டண்டியுடையது என்று ஒரு மார்புக் கவசம் இருக்கிறது. அதில் உள்ள குண்டு ஓட்டை, பார்க்க வீரமாக இருக்கட்டும் என்று பின்னாளில் போட்டது என்கிறார்கள்.

அடுத்த முறை போனால் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, பழைய பிளேரில் கூரையில்லாத புனித பிரைட் ஆலயத்துக்கும் போய் வாருங்கள். டண்டியைப் புதைத்த இடம் அது. அதன் கல்வெட்டில் போரின் தேதியும் இருக்கும், மகனிடம் காட்டலாம்.