மூடுகிற தொழிலில் என்ன வேலை இருக்கப்போகிறது?

போன வாரம் ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்திருந்தது. அம்மா, அப்பா, பள்ளிப் படிப்பை முடித்த மகள். நேரில் வராவிட்டாலும் பெரியப்பாவும் அறையில்தான் இருந்தார். அவர் கேட்கச் சொன்னதை எல்லாம் அம்மா ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்போது எதற்காக மண்ணைத் தோண்டும் படிப்பு? அணு உலை என்றால் உடம்புக்கு ஆபத்தில்லையா? அதிலும் மூடுகிற தொழிலில் என்ன வேலை இருக்கப்போகிறது?

பழைய அணு உலையைக் கழற்றி அகற்றுவதைப் பற்றி மகள் எங்கோ படித்திருக்கிறாள். டீகமிஷனிங் என்பார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு அந்த வேலைக்குத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமானதைத்தான் சொன்னேன். பதற்றப்படாதீர்கள், நேரம் இருக்கிறது, பேசி முடிவெடுக்கலாம். அப்போது அம்மா, "பெரியப்பா சொல்வது சரிதானே சார், நீங்களே அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள்" என்றார். சரியில்லை அம்மா. அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன், பெரியப்பாவிடமும் காட்டுங்கள்.

கம்ப்யூட்டர் படிப்பைக் குறை சொல்லவில்லை. அதில் மனம் ஒட்டும் பிள்ளைகள் படிக்கட்டும். உங்கள் மகள் அதை ஒரு வருடம் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டவள். அதே பெண் நான்கு வருடமாக ஒரு நோட்டில் தினமும் மழை அளவு எழுதி வருகிறாள். மழையே பெய்யாத நாட்களிலும் பூஜ்ஜியம் என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பூஜ்ஜியங்களைப் பார்த்ததும் என் பேச்சு மாறிவிட்டது. எதுவும் இல்லாத நாளையும் பதிவு செய்யும் பழக்கத்தை எந்தக் கல்லூரியாலும் எளிதில் கற்றுத்தர முடியாது. பணம் கட்டி வாங்கும் பெரிய பெயருள்ள இடத்தில் அவளை உட்கார வைத்தால் நான்கு வருடம் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் நடக்கும். மருத்துவம், பொறியியல், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரியப்பாவின் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கடையை மூடுவது போல உலையை மூட முடியாது. இங்கிலாந்தின் கால்டர் ஹால் உலைகள் 1956-இல் மின்சாரம் தரத் தொடங்கி 2003-இல் நின்றன. அவை இருக்கும் செல்லஃபீல்ட் வளாகத்தைச் சுத்தம் செய்யும் பணி அடுத்த நூற்றாண்டு வரை போகும் என்பதுதான் அந்த நாட்டின் திட்டம். இன்று அங்கே வேலைக்குச் சேருகிறவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் வேலை மிச்சமிருக்கும். வேகமாக முடித்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் யாங்கி நிலையம் 1997-இல் மூடப்பட்டு 2005-இல் தரைமட்டமானது. ஆனாலும் எரிந்த எரிபொருள் இன்றும் அதே இடத்தில் கொள்கலன்களில் காவலோடு நிற்கிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. அங்கே இப்போது நடப்பதெல்லாம் அகற்றும் வேலைதான். உலகில் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட அணு மின் உலைகள் 200-க்கும் மேல். ஓடிக்கொண்டிருப்பவை 400-க்கும் மேல், அவற்றில் பாதிக்கும் அதிகமானவை 30 வயதைத் தாண்டியவை. புதிய உலை கட்டலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நாடும் சண்டை போடட்டும். கட்டியதை அகற்றித்தான் ஆக வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

சரி, இதில் சுற்றுச்சூழல் அறிவியலாளருக்கு என்ன வேலை?

உலை நின்றதும் எரிபொருளை வெளியே எடுத்துவிடுவார்கள். மொத்தக் கதிரியக்கத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் அதோடு போய்விடும். மிஞ்சியிருப்பது கான்கிரீட், இரும்பு, குழாய், மண், நிலத்தடி நீர். அளவில் மலை போல இருக்கும், பெரும்பகுதி சாதாரணக் கட்டட இடிபாடுதான். எது சாதாரணம், எது இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதைத் தவறாகச் சொன்னால் இரண்டு பக்கமும் நஷ்டம். சுத்தமான மண்ணைக் கழிவு என்று சொன்னால் விலைமதிப்பற்ற கழிவுக் கிடங்கு வெறும் மண்ணால் நிரம்பும். கழிவை மண் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்த ஆளின் முதல் வேலை நூலகத்தில் நடக்கும். பழைய வரைபடங்கள், கசிவுப் பதிவேடுகள், ஐம்பது வருடத்துக்கு முந்தைய புகைப்படங்கள். ஓய்வு பெற்ற தொழிலாளர்களைத் தேடிப்போய், எந்த வால்வு எப்போது ஒழுகியது, கழுவிய தண்ணீர் எந்த வடிகாலில் போனது என்று கேட்பார்கள். வரைபடத்தில் இல்லாத குழாய் ஒரு கிழவரின் நினைவில் இருக்கும்.

அப்புறம்தான் களம். எங்கே துளையிடுவது, எத்தனை ஆழத்தில் மண் எடுப்பது என்பதில் நிலவியலும் புள்ளியியலும் சேரும். கசிந்த கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சீசியம்-137 களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே கிடக்கும். ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தின் சாயல் கொண்டது, எலும்பைத் தேடும், நீரோடு நகரவும் செய்யும். டிரிடியம் ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம், தண்ணீராகவே ஆகிவிடுவதால் நிலத்தடி நீர் போகும் வேகத்திலேயே போகும். ஆகவே கிணற்றில் முதலில் தென்படுவது பெரும்பாலும் டிரிடியம்தான். அது தென்பட்டால் பின்னால் என்ன வரக்கூடும் என்று யோசிக்கத் தொடங்க வேண்டும். மழை நோட்டு வைத்திருக்கும் பெண்ணுக்கு இது புரியும். எவ்வளவு மழை, எவ்வளவு இறங்கியது, எந்தத் திசையில் போனது என்பதுதான் இதற்கு அடிப்படை.

ஆய்வகத்துக்கு வந்தால் பொறுமை சோதிக்கப்படும். சீசியம் காமா கதிர் வீசும், ஜெர்மேனியம் கருவி முன்னால் வைத்தால் தன் பெயரைச் சொல்லிவிடும். ஸ்ட்ரான்சியம்-90 அப்படிச் சொல்லாது. வேதியியல் முறையில் பிரித்து, அது சிதைந்து உண்டாகும் இட்ரியம்-90 வளரும்வரை ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருந்து எண்ண வேண்டும். எண்ணி முடித்த பிறகும் கேள்வி முடியாது. மண்ணில் இருக்கும் சீசியம் இந்த உலையிலிருந்து வந்ததா, 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து விழுந்ததா, 1986 செர்னோபில் உலை விபத்திலிருந்து பறந்து வந்ததா? அதற்காக, உலையின் நிழலே படாத ஒரு நிலத்தில் அதே மாதிரி மண்ணை எடுத்து ஒப்பிடுவார்கள்.

கதிரியக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில், புளூட்டோனியம் தயாரித்த உலைகளின் குளிர்நீரில் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமிய உப்பைக் கலந்தார்கள். அந்தக் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கி, சால்மன் மீன் முட்டையிடும் கொலம்பியா ஆற்றை நோக்கி நகர்ந்தது. தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்து மறுபடி நிலத்துக்குள் விடும் வேலை பல வருடமாக நடக்கிறது. ஸ்காட்லாந்தின் டூன்ரே அணு வளாகத்தில் கதை வேறு. எரிந்த எரிபொருளின் மணல் அளவுத் துகள்கள் கடலில் போய்ச் சேர்ந்தன. 1997 முதல் அங்கே கழிவுநீர் வெளியேறும் இடத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் மீன், நண்டு பிடிக்கத் தடை. கடற்கரையில் கருவியோடு நடந்து, மணலில் மணலைத் தேடுவது ஒரு முழுநேர வேலை. ஜப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா நிலையத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடப்படும் சுத்திகரித்த நீரில் டிரிடியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை எண்ணும் அலகு) கீழே இருக்க வேண்டும். குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு 10,000. இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு, கோபத்தில் இருக்கும் மீனவர்கள் முன்னால் நின்று நிதானமாகப் பேசவும் ஆள் வேண்டும். உங்கள் மகள் அதிகம் பேசமாட்டாள், ஆனால் கேட்டதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்கிறாள். இந்த வேலைக்கு அது போதும்.

கடைசிக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நிலத்தை விடுவிக்கலாமா என்று முடிவு செய்யும் இறுதி அளவீடு. அமெரிக்காவில் நான்கு அரசுத் துறைகள் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட மார்சிம் என்ற கையேடு இதற்குப் பேர்போனது. அதன்படி பொதுவாக, நிலம் அசுத்தமாகத்தான் இருக்கிறது என்ற அனுமானத்தோடு தொடங்க வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தரவுக்கு. அங்கே விடுவிக்கப்படும் நிலத்தால் ஒருவருக்கு வரக்கூடிய கதிர் அளவு ஆண்டுக்கு 0.25 மில்லிசீவர்ட்டை (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. இயற்கையிலிருந்து மட்டுமே உலகில் ஒருவருக்குச் சராசரியாக 2.4 வருகிறது. ஒன்றுமில்லை என்பதை ஆதாரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை இது. மறுபடி அந்தப் பூஜ்ஜியங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இனி உடம்புக்கு ஆபத்தா என்ற கேள்வி. சும்மா சமாதானம் சொல்லமாட்டேன், எண்களையே சொல்கிறேன். கதிர்வீச்சுப் பணியாளருக்குச் சர்வதேச வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில், ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு 1. கர்ப்பமாக இருப்பதைத் தெரிவித்த பெண் பணியாளரின் குழந்தைக்கும் மீதி மாதங்களுக்கு அதே 1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலைக்குள் இறங்கி வெட்டி எடுப்பவர்களின் வேலை வேறு, மண்ணும் தண்ணீரும் எடுப்பவர்களின் வேலை வேறு. சுற்றுப்புற மாதிரிகளில் பெரும்பாலானவை எவ்வளவு மங்கலானவை தெரியுமா? சுவரிலிருந்தும் பக்கத்தில் நிற்கும் ஆளிடமிருந்தும் வரும் கதிர் குறுக்கிடாமல் இருக்க, கருவியைச் சுற்றி ஈயச் சுவர் கட்டித்தான் அளக்கிறார்கள். ஆம், ஆளிடமிருந்தும். பொட்டாசியத்தால் மட்டும் ஒரு வளர்ந்த உடம்பில் ஏறக்குறைய 4,000 பெக்கரல் இருக்கிறது. பழைய கட்டடங்களில் நான் கவலைப்படுவது ஆஸ்பெஸ்டாஸுக்கும், உயரத்திலிருந்து விழுவதற்கும்தான். அதற்கு முகமூடியும் கயிறும் ஒழுங்கும் தேவை. ஒழுங்கில்லாத பிள்ளையாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

கஷ்டங்களையும் மறைக்கவில்லை. இந்த வளாகங்கள் பெரும்பாலும் ஊர்களிலிருந்து ஒதுங்கி, கடலோரத்திலோ ஆற்றோரத்திலோ இருக்கும். காகித வேலை ஏராளம், சில நாட்களில் அது மட்டும்தான் இருக்கும். பலர் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வேலை செய்கிறார்கள், அரசின் பட்ஜெட் சுருங்கினால் திட்டம் தள்ளிப்போகும். தொடக்கச் சம்பளம் கம்ப்யூட்டர் படித்த அண்ணனுடையதைவிடக் குறைவாக இருக்கலாம். ஒவ்வொரு விசேஷத்திலும் அதை யாராவது ஞாபகப்படுத்துவார்கள், தயாராக இருங்கள்.

செலவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இளநிலையிலேயே "அணு" என்ற சொல் பளபளக்கும் விலையுயர்ந்த படிப்பைத் தேடாதீர்கள். வேதியியல், நிலவியல், இயற்பியல், சுற்றுச்சூழல் அறிவியல், இவற்றில் ஒன்று போதும். ஆய்வகம் நன்றாக நடக்கும், கட்டணம் தாங்கக்கூடிய ஒரு கல்லூரி போதும். என்னைக் கேட்டால் வேதியியல். சுற்றுச்சூழல் அறிவியலைப் பெயரளவில் நடத்தும் இடங்கள் உண்டு, பாதி நேரம் பொதுக்கட்டுரை எழுதவைத்தே அனுப்பிவிடுவார்கள். வேதியியலில் அப்படித் தப்பிக்க முடியாது. கூடவே புள்ளியியலும், வரைபடத் தரவைக் கையாளும் மென்பொருளும் கற்றுக்கொள்ளட்டும். முதுநிலையில் கதிர்வேதியியல், நிலத்தடி நீரியல், கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்று ஒன்றைப் பிடிக்கலாம். அணு உலை திட்டம் கையை விட்டுப் போனாலும், சுரங்கம், எண்ணெய்க் கிடங்கு, பழைய ரசாயன ஆலை என்று கெட்டுப்போன நிலம் எங்கே இருந்தாலும் இதே திறமைக்கு வேலை உண்டு.

வீட்டை அடகு வைத்து வெளிநாட்டு முதுநிலைக்கு அனுப்புவதாக அப்பா சொன்னார். இப்போது அந்தப் பேச்சே வேண்டாம். அணு வளாகங்களில் பின்னணி விசாரணை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பல நாடுகளில் பிற நாட்டுக் குடிமக்களுக்குச் சில கதவுகள் திறக்கவே திறக்காது. படிப்பு விற்பவர்கள் இதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். முதுநிலைக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிறது. அந்த நேரம் வரும்போது, உதவித்தொகை கையில் வந்து, என் குடியுரிமையில் இந்த வேலைக்கு எடுப்பீர்களா என்ற கேள்விக்கு எழுத்தில் பதிலும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் ஒரு வேலை. மார்சிம் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கம், வறட்டு மொழி, எனக்கே பல இடங்களில் கண் சொருகியது. மகளிடம் அதன் முதல் இரண்டு அத்தியாயங்களைக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து நோட்டில் கேள்விகள் எழுதி வைத்திருந்தால், விண்ணப்பத்தின் முதல் வரியை அவளே நிரப்பட்டும். மூன்றாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள், வேறு யோசிப்போம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கான முன்பணத்தை மட்டும் அதற்குள் கட்டிவிடாதீர்கள். பெரியப்பா அவசரப்படுத்தினால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.