வருஷத்துக்கு எத்தனை நாவல் படிக்கலாம்? வாசிப்பு இலக்கு பத்தின கேள்வி பதில்

புத்தகக் கண்காட்சி முடிஞ்ச கையோட "இந்த வருஷம் இத்தனை நாவல்"னு இலக்கு வச்ச நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்க. நானும் பல வருஷமா இலக்கு வச்சுத்தான் படிக்கிறேன், பெரும்பாலும் தமிழ் நாவல்தான், அதனால உதாரணமும் அதுல இருந்தே வரும்.

கேள்வி (கோயம்புத்தூர், ஐடி வேலை): அண்ணா, முதல் தடவையா இலக்கு வைக்கிறேன். கூட இருக்கறவங்க 50, 100னு போடுறாங்க, நான் எத்தனை போடட்டும்?

தம்பி, அவங்கள பாத்து வைக்காதீங்க, உங்க நாள்ல எவ்ளோ நேரம் மிஞ்சுதுன்னு பாத்து வைங்க. ஒரு சராசரி நாவல் 250 பக்கம்னு வச்சுக்குவோம். 12 நாவல்னா 3000 பக்கம், அதாவது ஒரு நாளைக்கு எட்டு ஒம்பது பக்கம். 24னா 6000 பக்கம், தினம் பதினாறு பதினேழு. 50னா 12,500 பக்கம், தினம் 34, அதுவும் காய்ச்சல்ல படுத்த நாள், ஊர் திருவிழா, ஆபீஸ்ல ராத்திரி வரைக்கும் உக்காந்த நாள் எல்லாத்தையும் சேத்து. முதல்ல ஒரு வாரம் எந்த இலக்கும் இல்லாம படிங்க, தினம் எத்தனை பக்கம் ஓடுதுன்னு குறிச்சு வச்சு அதுல கால்வாசிய கழிச்சுட்டு இலக்கு போடுங்க. முதல் வருஷம் 12 நல்ல எண்ணிக்கை. கம்மியா இருக்கேன்னு கூச்சப்படவே வேணாம், பன்னெண்டு நாவல ஒழுங்கா படிச்சு முடிச்சவர் பெரிய வாசகர்தான்.

கேள்வி (சென்னை): இலக்கு வச்ச பிறகு பெரிய நாவல் பக்கமே கை போக மாட்டேங்குது சார். அலமாரில காவல் கோட்டம் ரெண்டு வருஷமா இருக்கு, எடுத்தா எண்ணிக்கை குறையுமேன்னு 150 பக்க புத்தகமா எடுக்கறேன். என்ன பண்றது?

வந்த கேள்விலயே எனக்கு முக்கியமா படுறது இதுதான். எண்ணிக்கைய மட்டும் வச்சு இலக்கு போட்டா 110 பக்கமும் ஒண்ணு, 1000 பக்கமும் ஒண்ணு, அப்புறம் மனசு தானா சின்னத தேடி போகும், கடைசில படிச்சத குறிச்சு வைக்கிற ஆப்ல எண்ணிக்கை நிறைஞ்சிருக்கும் ஆனா தமிழ்ல எழுதின பெரிய பெரிய நாவல் ஒண்ண கூட நாம தொட்டிருக்க மாட்டோம். அது எவ்ளோ பெரிய இழப்பு! சு. வெங்கடேசனோட காவல் கோட்டம், பூமணியோட அஞ்ஞாடி ரெண்டும் ஆயிரம் பக்கம் தாண்டும். மதுரையோட பல நூறு வருஷத்த, கரிசல் நிலத்து சனங்களோட பல தலைமுறைய அதுக்குள்ள வச்சிருக்காங்க, அத 200 பக்கத்துல சொல்ல முடியாது.

அதனால நான் இலக்க பக்கமா மாத்திக்க சொல்றேன். "24 நாவல்"னு எழுதாம "6000 பக்கம்"னு எழுதுங்க. அப்ப ஆயிரம் பக்க நாவல் உங்க கணக்குல ஆறுல ஒரு பங்கு, பயமே வராது. இல்ல எனக்கு எண்ணிக்கைதான் உற்சாகம்னா வருஷத்துக்கு ரெண்டு பெரிய நாவல் கட்டாயம்னு தனியா ஒரு வரி சேத்துக்கோங்க, அத வருஷ ஆரம்பத்துலயே தொடங்குங்க, மழைக்காலத்துக்கு தள்ளாதீங்க. தள்ளினா அது அடுத்த வருஷத்துக்குத்தான் போகும்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், ஒண்ணா கணக்கு வைக்கணுமா அஞ்சா?

அஞ்சுன்னே வச்சுக்கோம்மா. பதிப்ப பொறுத்து 2000 பக்கத்துக்கு மேல வரும், அத ஒண்ணுன்னு எழுதினா உன் உழைப்புக்கு மரியாதை இல்ல. இன்னொண்ணும் சொல்றேன், இது கல்கி பத்திரிகைல 1950ல இருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் தொடரா வந்தது, முதல் வாசகர்கள் வருஷக்கணக்கா காத்திருந்து படிச்சாங்க. மொத்தம் 293 அத்தியாயம், கடைசி பாகத்துக்கு மட்டும் 91. தினம் ஒரு அத்தியாயம் படிச்சாலே ஒரே வருஷத்துல முடிஞ்சு ரெண்டு மாசத்துக்கு மேல மிச்சம் இருக்கும். தொடரா வந்த கதைங்கறதால ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்தத படிக்க வைக்கிற மாதிரிதான் முடியும், காலைல ஒரு அத்தியாயம்னு வச்சுக்கிட்டு ராத்திரில வேற நாவல் படிக்கலாம், ரெண்டும் குழம்பாது.

கேள்வி (ஓசூர்): இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன். தமிழ் ரொம்ப மெதுவா படிக்கிறேன், அதுலயும் வட்டார வழக்கு வந்தா நின்னுடுறேன்.

வேகம் படிக்க படிக்க வந்துடும், அத பத்தி கவலைய விடுங்க. வரிசைய மட்டும் சரியா வைங்க. முதல்ல நகரத்து கதை, நேரான மொழி, உதாரணமா அசோகமித்திரனோட தண்ணீர், சென்னை தண்ணிப் பஞ்சத்துல நடக்கிற சின்ன நாவல், சின்ன சின்ன வாக்கியமா இருக்கும். இப்படி நாலஞ்சு முடிச்ச பிறகு கி. ராஜநாராயணனோட கோபல்ல கிராமம் எடுங்க, பாட்டி கதை சொல்ற மாதிரி போகும். அதுக்கப்புறம் நீல பத்மநாபனோட தலைமுறைகள், கடலோர மீனவர்கள பத்தி ஜோ டி குரூஸ் எழுதின ஆழி சூழ் உலகு மாதிரி மொழி அடர்த்தியானது.

வட்டார வழக்கு புரியலன்னா வாய்விட்டு படிங்க. அது பேச்சுத் தமிழ், கண்ணுக்கு தெரியாதது காதுக்கு தெரியும். முதல் முப்பது பக்கத்துக்கு எந்த சொல்லுக்கும் அர்த்தம் தேடாதீங்க, அதே சொல் நாலு இடத்துல திரும்ப வரும்போது தானா பிடிபடும். கடலோர சனங்க பேசறத படிக்கும்போது அவங்க ஊர்ல நாலு நாள் இருந்தா எப்படி பழகுமோ அப்படித்தான் பழகும்.

கேள்வி (ஈரோடு): கைக்குழந்தை இருக்கு அண்ணா, பத்து நிமிஷம் சேந்தாப்ல கிடைக்கல. இலக்கே வேணாம்னு விட்டுடட்டுமா?

விடாதீங்கம்மா, மாத்துங்க. இந்த வருஷத்துக்கு நாவல் எண்ணிக்கையும் வேணாம் பக்கமும் வேணாம், "தினம் புத்தகத்த ஒரு தடவை திறப்பேன்"னு மட்டும் வைங்க, ரெண்டு பக்கம் படிச்சாலும் அந்த நாள் சேத்தி. ஒலிநூலும் கேளுங்க, குழந்தைய தூங்க வைக்கும்போது காதுல ஓடட்டும். கேக்கறது படிச்சதா ஆகுமான்னு வேற நாலு பேர் கேட்டிருக்காங்க, தாராளமா ஆகும், நம்ம ஊர்ல கதைய காதால வாங்கினவங்கதான் காலங்காலமா அதிகம். முழுசா கேட்டிருந்தா எழுதிக்கோங்க.

கேள்வி (மதுரை): பாதியில விட்ட புத்தகத்த என்ன செய்ய?

அம்பது பக்கம் குடுங்க. அதுக்கு மேலயும் உள்ள இழுக்கலன்னா மூடி வைங்க, மனசாட்சி குத்த வேண்டியதில்ல. சில நாவல் மட்டும் இதுக்கு விதிவிலக்கு, கட்டடம் மாதிரி மெதுவா எழும்புறது, அதுக்கு நூறு பக்கம் வரைக்கும் பொறுமை வேணும், ஏற்கனவே படிச்ச யாராவது "தாண்டிட்டா அருமையா போகும்"னு சொல்லியிருந்தா நம்பி போகலாம். விட்டத எண்ணிக்கைல சேக்காதீங்க, ஆனா படிச்ச பக்கத்த பக்கக் கணக்குல சேத்துக்கோங்க.

கேள்வி (சேலம்): திரும்ப படிக்கறது கணக்குல வருமா?

வரும். இருபது வயசுல தி. ஜானகிராமனோட மோகமுள் படிச்சவங்க பாபு, யமுனா ரெண்டு பேரையும்தான் பாத்திருப்பாங்க. நாப்பது வயசுல எடுத்தா பாபுவோட சங்கீத குரு ரங்கண்ணாவும் பாபுவோட அப்பாவும் எழுந்து வந்து நிப்பாங்க. அது வேற நாவல்தான்.

கேள்வி (விழுப்புரம், போட்டித் தேர்வுக்கு படிக்கிறவர்): புத்தகம் வாங்க காசு இல்லண்ணே. இலக்கு வைக்கற அளவுக்கு புத்தகம் எங்க கிடைக்கும்?

தம்பி, நூலகம் இருக்கும்போது காசில்லன்னு இலக்க கைவிடவே கூடாது. மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் 1948ல வந்தது, சுதந்திர இந்தியாவுல முதல்ல பொது நூலகத்துக்கு சட்டம் போட்டது இங்கதான், அதனாலதான் சின்ன ஊர்ல கூட கிளை நூலகம் இருக்கு. மாவட்ட மைய நூலகத்துல உறுப்பினர் ஆகுங்க, கொஞ்சம் காசுதான். வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா திருப்பிக் குடுக்க தேதி இருக்கு பாருங்க, அந்த தேதியே உங்கள படிக்க வைக்கும், இலக்கு வச்சவங்களுக்கு அத விட நல்ல துணை இல்ல.

அப்புறம் நாட்டுடைமை ஆக்கின, அதாவது அரசு உரிமைய வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கின நூல்கள், கல்கி, ராஜம் கிருஷ்ணன் மாதிரி எழுத்தாளர்களோடது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல இலவசமா இருக்கு. ராஜம் கிருஷ்ணன அவசியம் படிங்க. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள பத்தி கரிப்பு மணிகள், நீலகிரி மலையில வாழற படகர் இன மக்கள பத்தி குறிஞ்சித் தேன், அந்தந்த இடத்துக்கே போய் சனங்களோட பழகிட்டு வந்து எழுதினவங்க. நீங்க பாடத்துல வரியா படிக்கிற உழைப்பு, கூலி, நிலம் எல்லாம் அங்க மனுஷங்களா வருவாங்க.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, எங்கட எழுத்தாளர்களின்ர பழைய நாவல்கள் கடையில கிடைக்கிறேல்ல. இணையத்தில பாக்கலாமோ?

'நூலகம்'ங்கற பேர்லயே ஒரு இணைய மின்நூலகத் திட்டம் இருக்கு தம்பி, 2005ல இருந்து இலங்கைத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள் எல்லாம் ஸ்கேன் பண்ணி போடுறாங்க. கே. டானியலோட பஞ்சமர்ல இருந்து தொடங்குங்க, சாதி ஒடுக்குமுறைக்கு எதிரா இலங்கை வடக்குல நடந்த போராட்டத்த அவ்ளோ கிட்ட நின்னு எழுதினவர். இங்க தமிழ்நாட்டுல இலக்கு வைக்கறவங்களுக்கும் சொல்றேன், வருஷத்துல ரெண்டு மூணு ஈழத்து நாவல் இல்லாம உங்க பட்டியல முடிக்காதீங்க.

கேள்வி (பினாங்கு): எங்க ஊர் வர்ற தமிழ் நாவல் ஏதாவது சொல்லுங்க சார்.

ப. சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி. சிங்காரம் ரெண்டே நாவல்தான் எழுதினார், இது 1972ல புத்தகமா வந்தது. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் இந்தோனேசியாவோட மெடான் நகரத்துக்குள்ள வர்ற நேரத்துல ஆரம்பிக்கும், பினாங்கும் வரும், நடுவுல மதுரைத் தெரு ஞாபகம் எல்லாம் பொங்கிக்கிட்டு வரும். நீங்க நடக்கிற தெருவ தமிழ்ல படிக்கறது தனி சந்தோஷம்.

கேள்வி (தஞ்சாவூர்): படிச்சு ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்து போகுது, அப்புறம் எதுக்கு இத்தனை படிக்கணும்னு தோணுது.

ஒரு நோட்டு போடுங்க. தொடங்கின தேதி, முடிச்ச தேதி, மனசுல நின்ன ஒரு காட்சி, இவ்ளோதான். கதைச் சுருக்கம் எழுதாதீங்க, அது பரீட்சை ஆயிடும். பூமணியோட வெக்கை நாவல் முடிச்சா "கொலை நடந்துடுச்சு, பையனும் அப்பனும் காட்டுல சமைச்சு சாப்பிடுறாங்க"ன்னு ஒரு வரி போதும், மூணு வருஷம் கழிச்சு படிச்சாலும் அந்தப் பையன் சிதம்பரத்தோட முழு ஓட்டமும் திரும்ப வரும். பெரிய நாவலுக்கு மட்டும் யார் யாருக்கு என்ன உறவுன்னு முதல் பக்கத்துலயே பென்சில்ல எழுதிக்கிட்டே போங்க. நூலகப் புத்தகம்னா தனித் தாள்ல எழுதுங்க, புத்தகத்துல கிறுக்காதீங்க.

கேள்வி (நாகர்கோவில்): நவம்பர் ஆச்சு, இன்னும் ஏழு பாக்கி. சின்னதா பாத்து முடிச்சுடலாமா?

முடிக்கலாம், ஆனா சின்னதுன்னு மட்டும் பாத்து எடுக்காதீங்க, சின்னதுலயும் கனமானது பாருங்க. சம்பத்தோட இடைவெளி ரொம்பச் சின்ன நாவல், ஒரு மனுஷன் சாவ பத்தியே யோசிச்சிட்டு இருப்பான், முடிச்சதும் ரெண்டு நாளாவது இடைவெளி விடுங்க. ஏழும் முடியலன்னா நாலு முடிங்க. ஆப்ல நவம்பர்ல உக்காந்து இலக்க குறைச்சு போடற வேலை மட்டும் வேணாம், எத்தனை வச்சோம் எத்தனை முடிஞ்சதுன்னு ரெண்டும் தெரிஞ்சாதான் அடுத்த வருஷத்துக்கு சரியான எண்ணிக்கை வைக்க முடியும்.

கேள்வி (அதே நாகர்கோவில்காரர்): டிசம்பர் 31 அன்னைக்கு பாதில நிக்கிற நாவல எந்த வருஷத்துல எழுதறது?

முடிச்ச தேதி எந்த வருஷமோ அதுல. பக்கக் கணக்கு வச்சிருந்தா ரெண்டு வருஷத்துக்கும் பிரிச்சு எழுதிக்கலாம். கணக்குக்காக கடைசி நூறு பக்கத்த அன்னைக்கு ராத்திரி ஓட்டிடாதீங்க, ஜனவரி ஒண்ணாம் தேதி காலைல நிதானமா படிங்க.