ஜெயிக்கிற பையனுக்கு மீசை அரும்பிவிட்டதா?

கேள்வி: சார், என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், 400 மீட்டர் ஓடுகிறான். தினமும் இருட்டோடு எழுந்து கண்மாய்க் கரையில் ஓடிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். அவன் வகுப்பிலேயே இன்னொரு பையன் பயிற்சிக்கே வருவதில்லை, ஆனால் போட்டியில் சுலபமாக இவனை முந்திவிடுகிறான். “அவனுக்கு அது பிறவியிலேயே இருக்கு, உனக்கு இல்லை” என்று கூட இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு வந்து அழுகிறான். ஓட்டத்தை விட்டுவிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லிவிடட்டுமா?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. ஒன்பதாம் வகுப்பில் அதை யாராலும் முடிவுகட்ட முடியாது.

ஜெயிக்கிற அந்தப் பையனுக்கு மீசை அரும்பிவிட்டதா, குரல் உடைந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஆண் பிள்ளைகள் மளமளவென்று உயர்வது பெரும்பாலும் 13, 14 வயதில். ஆனால் ஒருவனுக்கு அது 12-லேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 15, 16 கூட ஆகும். வகுப்பு ஒன்றுதான், வயதுப் பிரிவும் ஒன்றுதான். ஆனால் ஒருவன் தொடையில் சதை பிடித்த வாலிபன், பக்கத்துக் கோட்டில் நிற்பவன் இன்னும் சிறு பிள்ளை. அந்த வித்தியாசத்தைத்தான் நாம் பிறவித் திறமை என்று பெயர் வைத்துக் கைதட்டுகிறோம். பி.டி. ஆசிரியராக மைதானத்தில் நின்ற காலமெல்லாம் என்னை வருத்திய விஷயம் இது. பின்னால் வளரப்போகிற எத்தனையோ பிள்ளைகள் அதற்கு முன்பே ஓட்டத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் மகன் எப்போது மளமளவென்று வளர ஆரம்பிக்கிறான் என்று தெரிய, மாதம் ஒருமுறை அவனைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் குறித்து வையுங்கள்.

பிறவித் திறமையே கிடையாது என்றும் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஓட்டத்துக்கு வேகம் கொடுக்கிற, வேகமாகச் சுருங்கும் தசையிழை யாருக்கு எவ்வளவு என்பதில் பிறப்புக்குக் கணிசமான பங்கு உண்டு. 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, விளையாட்டில் ஆளுக்கு ஆள் தெரிகிற வித்தியாசத்தில் முறையான பயிற்சியோடு தொடர்புடையது 18 சதவீதம்தான் என்று வந்தது. சரி, மிச்சம் அத்தனையும் பிறப்பா? இல்லை. சாப்பாடு, தூக்கம், எந்த வயதில் வளர்ந்தான், யார் கண்ணில் பட்டான் என்று எவ்வளவோ இருக்கிறது.

நம் மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைப் பாருங்கள். சிறு வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள், பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்காமல் படிக்க வைத்தார். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடியபோதுதான் பயிற்சியாளர் கண்ணன் அவரைக் கவனித்தார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை, கண்ணன்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் 400-க்கு மாறியது அதற்கும் பிறகு, பஞ்சாபில் பட்டியாலாவில் நடந்த தேசியப் பயிற்சி முகாமில். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஓடும் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். வேகம் அவருக்கு இயல்பிலேயே இருந்தது, சந்தேகமில்லை. அந்தப் பாட்டியும் பயிற்சியாளரும் இல்லாவிட்டால் அந்த வேகம் சக்கிமங்கலத்தைத் தாண்டியிருக்காது.

இப்போது உங்கள் மகனின் பயிற்சி. தினமும் கண்மாய்க் கரையில் ஒரே வேகத்தில் ஓடினால் மூச்சு நீண்ட நேரம் தாங்கும், ஆனால் 400 மீட்டருக்கு வேண்டிய வேகம் வராது. வாரத்தில் ஒருநாள் 200 மீட்டரைக் கொஞ்சம் கடினமாக ஓடி, மூச்சு திரும்பும்வரை நடந்து, மறுபடி ஓடட்டும். நாலு தடவை போதும். இன்னொரு நாள் 60 மீட்டர் முழு வேகம். போட்டியில் முதல் 200-ஐ எத்தனை விநாடியில் கடக்கிறான் என்று போனில் குறித்துப் பாருங்கள். இந்த வயதுப் பையன்கள் முதல் பாதியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள், கடைசி 100-இல் கால் கட்டிப்போகும்.

அப்புறம் தூக்கம். இருட்டோடு எழுகிற பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான்? எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஓடிவிட்டு வந்ததும் ஒரு முட்டை, கொஞ்சம் அவித்த கடலை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு. படிப்புக்கும் நேரம் கிடைக்கும், இரண்டில் ஒன்றை விட வேண்டியதில்லை.

வளர்கிற வயதில் முழங்கால் சிப்பிக்குக் கீழே புடைத்து வலிக்கும். அப்படி வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடச் சொல்லாதீர்கள். ஓட்டத்தைக் குறைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.