மகளோடு மான் வேட்டை: இருவருக்கும் ஒரே துப்பாக்கி போதும்

கேள்வி: விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி பக்கம் வசிக்கிறோம். எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். 11 வயது மகள் இன்னும் பயிற்சி முடிக்கவில்லை. அக்டோபரில் நடக்கும் சிறார் மான் வேட்டைக்கு அவளை அழைத்துப்போக விருப்பம். சொந்த நிலம் இல்லாததால் தெற்கு கெட்டில் மொரெய்ன் அரசுக் காட்டுக்குத்தான் போகவேண்டும். எப்படித் தயாராவது?

பதில்: துப்பாக்கி வாங்குமுன் விசா விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பவருக்கு விலக்கு உண்டு. விஸ்கான்சின் உரிமம் மார்ச் 31 அன்று முடிந்துவிடும். அதைப் புதுப்பிக்க மறந்து, ரைஃபிள் அலமாரியிலேயே இருந்தால், ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு உங்களைக் காக்காது. மகள் எச்-4 விசாவில் (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருந்தால் அவளுக்கும் இதே நிலைதான். ஒருமுறை குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், அந்தக் கட்டணம் வீண் போகாது.

பயிற்சி முடிக்காத சிறுவர்கள் வழிகாட்டியோடு வேட்டையாட மாநிலச் சட்டம் இடம் தருகிறது. இதற்கிருந்த குறைந்தபட்ச வயது 2017இல் நீக்கப்பட்டது. வழிகாட்டிக்கு 18 வயது நிரம்பியிருக்கவேண்டும், நடப்பாண்டு வேட்டை உரிமம் இருக்கவேண்டும், எந்நேரமும் கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். ஆகவே நீங்கள் சுடப்போவதில்லை என்றாலும் உங்களுக்கும் உரிமம் தேவை. சிறார் வேட்டை இரண்டு நாள், 15 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கானது. நவம்பரில் வரும் ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டைப் பருவத்தில் இருவரும் ஆளுக்கொரு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அப்போதும் உங்களுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்பதே எங்கள் கருத்து. குழல் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, சேஃப்டி (விசையைத் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டு) எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கவேண்டியவர் நீங்கள். ஐஸ் ஏஜ் என்ற நெடுந்தூர நடைபாதை இந்தக் காட்டின் ஊடே போகிறது. மரங்களுக்கு அப்பால் யாராவது நடந்துகொண்டிருக்கலாம்.

ரைஃபிளை மகளின் கைக்கு அளந்து வாங்குங்கள். தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு, அவள் முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்லி, கட்டையின் (தோளில் வைக்கும் பின்பகுதி) அடிப்பகுதியை முழங்கை மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் முதல் கணு விசையை (டிரிகர்) தொடவேண்டும். பெரியவர்களுக்கான கட்டையில் விரல் விசைவரை எட்டாது. எட்டுவதற்காகப் பிள்ளை உடம்பைப் பின்னால் சாய்க்கும், குறி மேலே போகும். 12 முதல் 12.5 அங்குல நீளமுள்ள சிறார் கட்டை பெரும்பாலும் பொருந்தும். ஸ்கோப் (ரைஃபிள் மேல் பொருத்தும் குறிநோக்கி) கண்ணிலிருந்து 3 அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் உதைப்பில் புருவம் கிழியும். தோட்டா வகையில் .243 வின்செஸ்டர் போதும், உதைப்பும் குறைவு. ஆனால் பழக்கத்தை .22 என்ற சிறிய தோட்டா ரைஃபிளில் தொடங்குங்கள். முதல் நாளே பெரிய ரைஃபிளைக் கொடுத்தால், வெடிக்குமுன்பே கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதைப் போக்க மாதக்கணக்காகும்.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 8 அங்குல அகலம், ஒரு காகிதத் தட்டு அளவு. காட்டில் உட்காரப்போகும் அதே ஸ்டூலில், அதே மூன்றுகால் தாங்கியில் (டிரைபாட்) ரைஃபிளை வைத்து அவள் சுடட்டும். அடுத்தடுத்து மூன்று குண்டும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் அவள் எல்லை. 50 கஜம் என்றால் 50 கஜம்தான், காட்டில் கூட்டக்கூடாது.

பிள்ளைகளோடு பரணைவிட மறைப்புக் கூடாரமே நல்லது, சின்ன அசைவுகள் வெளியே தெரியாது. மாநில நிலத்தில் துப்பாக்கிப் பருவத்தின்போது கூடாரத்தின் மீது எல்லாப் பக்கமும் தெரியும்படி 144 சதுர அங்குலப் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது பளிச்சிடும் இளஞ்சிவப்புத் துணி இருக்கவேண்டும். இருவரின் மேலாடையிலும் குறைந்தது பாதி அதே நிறம், தொப்பி போட்டால் அதிலும் பாதி. கூடாரத்தை அன்றன்றே கழற்றிக் கொண்டுவந்துவிடுங்கள். பொது நிலத்தில் இடம் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் பார்த்துவைத்த இடத்தில் விடியுமுன் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் நகர்ந்துவிடவேண்டும். அதற்காக மூன்று இடமாவது முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

இந்தக் காட்டில் பனியாறு விட்டுப்போன கிண்ணம் போன்ற பள்ளங்கள் நிறைய. பள்ளத்தின் அடியில் காற்று சுழலும், உங்கள் வாடை எல்லாத் திசைக்கும் போய்விடும். சரிவின் நடுவில் உட்காருங்கள். காலையில் வெயில் ஏறியதும் காற்று மேலே போகும், அந்தியில் கீழே இறங்கும். மான் வரும் பாதை காலையில் உங்களுக்குக் கீழேயும் மாலையில் மேலேயும் இருக்கட்டும்.

ஒரு அமர்வு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 11 வயதுப் பிள்ளைக்கு முதலில் கால்விரல் குளிரும், பிறகு பசிக்கும். சத்தமில்லாத உறையில் தின்பண்டம் கொண்டுபோங்கள். மூன்றே சொல் பேசிவையுங்கள்: ‘பொறு’, ‘சுடலாம்’, ‘வேண்டாம்’. மான் பக்கவாட்டில் நிற்கவேண்டும். முன்னங்காலுக்குச் சற்றே பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி. குழல் நுனி ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும், கூடாரத்துக்குள் வெடிச்சத்தம் காதைக் கெடுக்கும். இருவருக்கும் காதுக் கவசம் கட்டாயம்.

சுட்டதும் ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் மகளையே சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும். பச்சையாகவோ பழுப்பாகவோ நாற்றத்தோடு இருந்தால் குடல், ஆறு முதல் எட்டு மணி நேரம். அவசரப்பட்டுத் துரத்தினால் அடிபட்ட மான் எழுந்து வெகுதூரம் போய்ச் சாகும், உங்கள் கைக்கும் கிடைக்காது.

பெண்மானுக்கான அனுமதிச் சீட்டில் ‘பொது நிலம்’ என்று இருக்கிறதா பாருங்கள், தனியார் நிலச் சீட்டு இங்கே செல்லாது. மான் கைக்கு வந்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவுசெய்யவேண்டும். அக்டோபர் வெயிலில் இறைச்சி சீக்கிரம் கெடும். உடனே குடலை எடுத்து, வயிற்றுக்குள் ஐஸ் பைகளை வையுங்கள். ஈயக் குண்டு சிதறி இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விட்டுவைக்கும், பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் செம்புக் குண்டே நல்லது.

மானின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் 2002 முதல் இம்மாநிலத்தில் இருக்கிறது. தலையைக் கழுத்தின் சில அங்குலத்தோடு வெட்டி, இயற்கை வளத் துறையின் சோதனைப் பெட்டியில் போடுங்கள். சோதனை இலவசம். முடிவு வரும்வரை அந்த மானின் இறைச்சியைத் தனியே தேதி எழுதி உறையவையுங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்த பிறகே குழம்பு வையுங்கள்.