தசமபாகமும் என் மூன்று பவுன் சங்கிலியும்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 61. ஊர் பாளையங்கோட்டை. வீட்டுக்காரர் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் முழு நேரமும் கோவில்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ண அவரைத்தான் கூப்பிடுவார்கள். சில்லறையை உள்ளங்கையில் சரித்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அவர் எண்ணுகிற வேகத்தைப் பார்க்கவே சின்னப் பிள்ளைகள் சுற்றி நிற்கும்.

வீட்டில் குடும்ப ஜெபம் தவறியதே இல்லை. டூட்டிக்குத் தக்கபடி இரவு எட்டு மணிக்கு நடக்கும், இல்லாவிட்டால் விடியற்காலை நாலரைக்கு நடக்கும், ஆனால் நடக்கும். வேதாகமத்தை ஆதியாகமம் தொடங்கி வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வசனம். வெறும் பெயர்களாக வரும் அதிகாரங்களைக்கூடத் தாண்ட விடமாட்டார். பெயர் வாயில் நுழையாமல் பிள்ளைகள் சிரித்துவிட்டால், திரும்ப முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார்.

அடுத்த மாதம் முதலாம் வருட நினைவு ஆராதனை. மகன் ஒரு நினைவு மலர் அச்சிடுகிறான். எங்கள் சபைப் போதகர் ஐயரும், கமிட்டி ஆட்களும், டிப்போவில் உடன் வேலை பார்த்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் பேசிவைத்ததுபோல எழுதியிருப்பது ஒன்று: "எந்தக் கஷ்டத்திலும் தசமபாகம் தவறாதவர்."

உண்மைதான். சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை எடுத்துக் காக்கிக் கவரில் போட்டு வேதாகமத்துக்குள் வைத்துவிடுவார். மகள் நர்சிங் படித்தபோது ஃபீஸ் கட்ட இரண்டு நாள்தான் பாக்கி. இந்த ஒரு மாதம் மட்டும் அந்தக் கவரை எடுத்துக்கொள்வோம், அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். "கர்த்தருடைய பணத்தில் கை வைக்காதே" என்றார். கவரில் இருந்தது பாதி ஃபீஸுக்குக்கூடக் காணாது, அது எனக்கும் தெரியும். ஆனால் "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் என் மூன்று பவுன் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோனேன். மீட்க முடியவில்லை, முழுகிப்போனது. அதற்குப் பிறகு கவரிங் சங்கிலியோடுதான் கோவிலுக்குப் போய்வருகிறேன்.

அவர் இருந்தவரை இதைப் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது புரூஃபில் அந்த வரியைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. "அம்மா, நீங்களும் ஒரு பக்கம் சாட்சி எழுதிக் கொடுங்க" என்கிறான் மகன். பேனாவை எடுத்தால் சங்கிலிதான் வருகிறது. செத்துப்போன மனுஷன்மேல் கோபப்படுகிறேனே, இது பாவம் இல்லையா? அழலாம் என்றாலும் விடுவதில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கக் கூடாது என்று பவுல் சொல்லியிருக்கிறார் என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் போனதிலிருந்து குடும்ப ஜெபம் செய்ய முடியவில்லை. எட்டு மணிக்குப் பாயை விரித்து உட்காருவேன். ரிப்பன் நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில் அப்படியே கிடக்கிறது. முந்தின இரவு இரண்டை முடித்திருந்தோம். அவர் ஜெபித்த ஜெபம் ஒன்றுகூட எனக்கு நினைவு வருவதில்லை. இரவு டூட்டி முடிந்து வந்து தோல் பையை ஆணியில் மாட்டும்போது உள்ளே கிடக்கும் சில்லறை குலுங்குமே, அந்தச் சத்தம்தான் வருகிறது. அப்புறம், நான் முழித்துவிடக் கூடாதென்று விளக்கைப் போடாமல் அடுப்படியில் நின்றபடியே பழைய சோறு சாப்பிடுவார். நான் முழித்துத்தான் இருப்பேன்.

நான் என்ன எழுதுவது?

– ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்தது அந்தப் பழைய சோற்றைத்தான். நினைவு மலரில் அது எங்குமே இல்லை, கவனித்தீர்களா? இருக்கவும் முடியாது. அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான், அதுவும் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு.

அவர் இருந்தவரை சங்கிலி பெரிதாகத் தெரியவில்லை என்கிறீர்கள். அன்று ஒரு வார்த்தை கேட்காத அதே மனுஷன், ராத்திரி உங்கள் தூக்கம் கெடக் கூடாதென்று இருட்டில் நின்று சாப்பிட்டார். இரண்டையும் சேர்த்துத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள். இப்போது அச்சுக்குப் போகும் ஆளிடம் பழைய சோறும் இல்லை, சங்கிலியும் இல்லை. வெறும் காக்கிக் கவர் மட்டும் இருக்கிறது. கண்டக்டர் மனைவிக்குக் கணக்கு இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது! உங்கள் கோபத்தில் பாதி அவர்மேல். மீதி அந்தப் புரூஃபின்மேல் என்றுதான் எனக்குப் படுகிறது.

சிகாகோவில் கணவரை இழந்த பெண்களிடம் பல காலம் பேசி ஆராய்ந்த சமூகவியலாளர் ஹெலினா லோபாட்டா, 1981-ல் வந்த ஒரு கட்டுரையில் இதற்குப் பெயரே வைத்தார்: கணவரைப் புனிதராக்குவது. அங்கே பெண்கள் தாங்களாகவே அதைச் செய்தார்கள், அதில் அவர்களுக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. உங்கள் விஷயத்தில் ஊர்கூடிப் புனிதராக்கிவிட்டு உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறது. பேனா ஓடாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பாவமா என்று கேட்டீர்கள். நான் கிறிஸ்தவள் இல்லை, தீர்ப்புச் சொல்லும் இடத்திலும் இல்லை. ஆனால் தோழி ஒருத்தியிடம் வேதாகமம் வாங்கிப் பார்த்தேன். பவுல் துக்கப்படாதே என்று சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவர்களைப்போலத் துக்கப்படாதே என்றுதான் சொல்கிறார். இறந்துபோன லாசருவின் கல்லறைக்குப் போகும்போது, அவனை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தே இயேசு அழுகிறார். அது யோவான் 11-ல் இருக்கிறது. அடுத்த முறை யாராவது வாயை அடைத்தால் அந்த அதிகாரத்தைச் சொல்லுங்கள்.

கையோடு உங்கள் நெகேமியா மூன்றையும் படித்தேன். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, யார் யார் எந்தப் பக்கம் கட்டினார்கள் என்ற பட்டியல், அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகள் சிரித்ததில் தப்பே இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். தெக்கோவா ஊரார் கட்டினார்கள், அவர்களுடைய பிரபுக்கள் மட்டும் அந்த வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று ஐந்தாம் வசனத்தில் போட்டு உடைக்கிறது. பன்னிரண்டில் சல்லூம் என்று ஒருவர் வருகிறார். அவரோடு அவருடைய மகள்களும் கட்டினார்கள் என்று அதையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலங்கத்தில் மூன்று பவுன் உங்களுடையது. அதை யாரும் எழுதவில்லை.

அதனால் இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாள் அவருக்கு. அச்சுக்குப் போகாது, யாரும் பார்க்கவும் வேண்டாம். அன்று கேட்க நினைத்ததைக் கேளுங்கள், திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். எழுதி முடித்து இரண்டு மூன்று நாள் போகட்டும், பிறகு இரண்டாவது தாளை எடுங்கள். அதில் நீங்கள் மட்டும் பார்த்ததை எழுதினால் போதும்: ஆணி, தோல் பை, இருட்டில் ஒரு மனுஷன் சாப்பிடுகிற சத்தம். பக்திமான் என்ற சொல்லை மற்றவர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள், உங்களுக்கு அந்த வேலை மிச்சம்.

சங்கிலியை மலரில் சொல்வதா என்பது உங்கள் இஷ்டம். சொன்னால் அவர் பெயர் கெட்டுவிடாது. அந்தத் தசமபாகம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது முழுசாகத் தெரியும். ஆனால் நினைவு ஆராதனையில் மைக்கின் முன்னால் முதல் முறையாகச் சொல்லாதீர்கள், பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். முதலில் மகளிடம் சொல்லுங்கள். அவள் எதை வைத்துப் படித்தாள் என்பது அவளுக்குத் தெரியுமா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதல் வருஷ நாள் நெருங்கும்போது துக்கம் கிளறிக்கொண்டு வருவது சகஜம். அது பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் தூக்கம், சாப்பாடு தொடர்ந்து கெட்டாலோ, வீட்டு வேலையில் கை ஓடாமல் நாள் கணக்காக அப்படியே உட்கார்ந்துவிட்டாலோ, நானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பக்கத்து மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

எட்டு மணிப் பாய் பற்றி ஒன்று. உங்கள் வீட்டு ஜெபம் ஆளுக்கு ஒரு வசனமாக நடந்தது. அதைத் தனியாக நடத்த முடியவில்லை என்பதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகளையும் மகனையும் ஒருநாள் வீடியோ காலில் கூப்பிடுங்கள். அதிகாரத்தில் 32 வசனம், மூன்று பேர். வாயில் நுழையாத பெயர் வந்து யாராவது சிரித்தால், முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.